பிரித்ததும் பிடித்ததும்

என் தையல் மேசை இழுப்பறையில் மூன்று அளவு நோட்டுகள் கிடக்கின்றன. மதுரை அனுப்பானடியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து 13 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். கல்யாணத்துக்கு எடுத்த அளவு, தலைப்பிள்ளைக்குப் பிறகு எடுத்தது, அடுத்ததற்குப் பிறகு எடுத்தது என்று ஒரே பெண்ணின் அளவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மார்பு 34, 37, 40. கைச்சுற்று 11, 12½, 14. தோள் மட்டும் அநேகமாக நகராது.

கல்யாண ஜாக்கெட் கொடுக்க வருகிற அம்மாக்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டு, மூணு தையலாப் போட்டு வச்சிரு தாயி. பிள்ள பெத்தா பிரிச்சுக்கிடலாம்." நானும் போட்டு வைப்பேன். இரண்டு மூன்று வருஷத்தில் அதே ஜாக்கெட் திரும்பி வரும், ஒரு தையலைப் பிரித்துவிடுவேன். அப்புறம் இன்னொன்று. பிரிக்கச் சொல்லி வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. பிடித்துக் கொடு என்று வருகிறவர்கள் எப்போதாவதுதான், அதுவும் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களாக இருப்பார்கள்.

என் சொந்த ஜாக்கெட்டின் கடைசித் தையலைப் பிரித்தது 2022 பிப்ரவரியில். இரண்டாவதாகப் பையன் பிறந்து 11 மாதம். அதற்கு மேல் உள்ளே துணி இல்லை. எடை 76 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர்.

ஆனால் நான் நடக்கக் கிளம்பியது ஜாக்கெட்டுக்காக இல்லை. அவன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்ப்பார்களே, அதில் 140-ஐத் தாண்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் வெறும் வயிற்றோடு வந்தாலும் ஒரே குத்தில் முடிகிற இந்த முறைக்காகக் கடைசிவரை வாதாடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10 தான் இப்போது நாடு முழுக்கக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். பிரசவம் முடிந்து ஆறாவது வாரம் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்னுடைய ஆறாவது வாரம் 2021 மே மாதத்தில் வந்து விழுந்தது, கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில். யார் போவார்கள்? அந்தச் சீட்டைப் பீரோவில் வைத்தேன், மறந்தேன். 11-ஆம் மாதம் போனபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.9 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை வாசல்படி, 6.5-இல் சர்க்கரை நோய் வீட்டுக்குள் வந்துவிட்டதாக அர்த்தம் என்று டாக்டரம்மா சொன்னார். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் அது நிலைத்துவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாம். "எடையைக் குறைங்க, நடங்க" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தெப்பக்குளம் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு அரண்மனை கிடைத்தது, எனக்கு நடைபாதை. என் சின்ன வயதில் வறண்டு கிடந்து பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிய குளம். இப்போது வைகைத் தண்ணீர் வந்து நிறைகிறது, விடிகாலையில் மைய மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். முதல் நாள் ரப்பர் செருப்போடு போனேன். ஒரு சுற்றுக்கு 22 நிமிஷம் ஆனது. தென்கரை திரும்பும்போதே மூச்சு வாங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர் கைகளை முன்னும் பின்னும் தட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். எழுபது வயது இருக்கும்.

பத்து நாளில் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறினது போலக் குத்தும். தேய்ந்த செருப்பும், திடீரென்று கூடிய நடையும், மேலே இருக்கிற 76 கிலோவும் சேர்ந்து செய்த வேலை. சேலைக்கு ஷூ போட வெட்கப்பட்டுத்தான் செருப்போடு போயிருந்தேன். கடைசியில் ஷூ வாங்கினேன். அத்தை என் காலையே பார்த்துக்கொண்டு நின்று, "போலீசு வேலைக்கா போற?" என்றார். தெப்பக்குளத்தில் சேலையும் ஷூவுமாக நடக்கிற பெண்கள் நிறைய என்பது போனபிறகு தெரிந்தது. கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் சொருகிவிட்டால் நடை தடுக்காது. ஓரம் அடிக்கும்போது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். தெப்பக்குளத்தில் அது ஐந்தரைச் சுற்று. பிள்ளைகளைத் தூங்கவிட்டு வந்தவளுக்கு ஐந்தரைச் சுற்றுக்கு எங்கே நேரம்? அந்த எண்ணின் கதை பிறகு தெரிந்தது. 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தார்கள், அதற்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் அடி மானி'. பெயருக்கு அழகாக இருந்த எண், உலகத்துக்கே சட்டமாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட அன்று மனசு லேசானது. காலையில் இரண்டு சுற்று, 3,600 அடி சொச்சம். மத்தியானமும் ராத்திரியும் சாப்பிட்ட கையோடு மொட்டைமாடியில் 15 நிமிஷம். இதுதான் என்னால் முடிந்தது, இதைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

மொட்டைமாடி நடையை யாரும் மதிப்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே 22 அடி போய் 22 அடி வருவதெல்லாம் ஒரு நடையா என்பார்கள். ஆனால் என் மாதிரிச் சர்க்கரை வாசல்படியில் நிற்கிறவளுக்குச் சாப்பிட்டவுடன் நடக்கிற நடைதான் தங்கம். சோறு செரித்துச் சர்க்கரையாக ரத்தத்தில் ஏறுகிற நேரத்தில் தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்தால், அந்தத் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமல் தாங்களே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஒரு மாதம் மெஷின் வைத்துக் குத்திப் பார்த்தேன். ஒரே அளவு சோறு, ஒரே சாம்பார். உட்கார்ந்து தைத்த நாளையும் மாடியில் நடந்த நாளையும் ஒப்பிட்டால் 25, 30 புள்ளி வித்தியாசம் வந்தது. என் உடம்பில் நான் பார்த்த கணக்கு இது, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடை என் எடையைக் குறைக்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் ஒரு கிலோ கூட இறங்கவில்லை. என் எடைக்கு ஒரு மணி நேரம் நடந்தாலே சுமார் 260 கலோரிதான் போகும், நான் நடந்ததோ காலையில் அரை மணி நேரம். நடை முடித்து வரும்போது மேலக்கரையில் இரண்டு உளுந்த வடையும் ஒரு காபியும் சாப்பிட்டால் போனது வட்டியோடு வந்துவிடும். சில நாள் சாப்பிட்டேன். நடந்ததால் நடந்தது வேறு: தூக்கம் வந்தது, சர்க்கரை இறங்கியது, பிள்ளைகளிடம் கத்துவது குறைந்தது. எடையைக் குறைத்தது அடுப்படி.

அடுப்படிக்கு வருவதற்கு முன் என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். எடை இறங்கவில்லையே என்று நான்காவது மாதம் காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். வெந்நீர், தேன், எலுமிச்சை. மத்தியானம் கொள்ளு ரசம் மட்டும். பையனுக்கு இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதையே நினைக்கவில்லை. ஆறாவது நாள் ஒரு பட்டு ஜாக்கெட் வெட்டினேன். கை வெட்டும்போது முன்பக்கம் வளைவு ஆழமாகவும் பின்பக்கம் மேலோட்டமாகவும் வரும், வலது கைக்கும் இடது கைக்கும் துணியைத் திருப்பிப் போட வேண்டும். அன்று திருப்பிப் போடவில்லை. இரண்டும் இடது கையாக விழுந்தன. 13 வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. சேலையோடு ஒட்டி வந்த துணி அது, வேறு எங்கும் கிடைக்காது. துணி கொடுத்த அக்கா நல்லவர், திட்டவில்லை. வேறு நிறத்தில் கை வைத்துத் தைத்து, கூலி வாங்காமல் கொடுத்தேன். அன்று ராத்திரி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு அழுதேன்.

பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் மூன்று மாதம் பத்தியம் சாப்பிட்டேன். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, சோற்றில் குழி பறித்து ஊற்றிய நல்லெண்ணெய். அதைக் குறை சொல்ல மாட்டேன். பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சொல்கிறது. அம்மா செய்தது சரி. பத்தியம் முடிகிற தேதியைத்தான் யாரும் சொல்லவில்லை. பிள்ளை தானாக இட்லி பிட்டுத் தின்னத் தொடங்கிய பிறகும் என் தட்டு பச்சை உடம்புக்காரியின் தட்டாகவே இருந்தது. போதாததற்கு, பெரியவள் பிறந்த வருஷம்தான் காலால் மிதிக்கிற மெஷினுக்கு மோட்டார் போட்டேன். இருந்த ஒரே உடற்பயிற்சியும் போயிற்று.

சரி, அடுப்படி. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார் தெப்பக்குளத்தில் கூட நடக்கிற ஒரு நர்ஸம்மா. எழுதினேன். காலை மூன்று இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி இரண்டு தோசை. "இதுல 76 கிலோ வராதே" என்றார். பொய் எழுதவில்லை. தட்டில் போட்டுச் சாப்பிட்டதை மட்டும் எழுதியிருந்தேன். தட்டில் போடாமல் தின்றது எது என்று பார்க்க ஒரு வேலை செய்தேன். பிள்ளைகள் மிச்சம் வைப்பதை வாயில் போடாமல் ஒரு தூக்குவாளியில் போட்டு வந்தேன். ஒரே ஒரு நாள். ராத்திரி மூடியைத் திறந்தால்: பொடி தடவின இட்லி ஒன்றரை, விளிம்பு மட்டும் கடித்த தோசை ஒன்று, நெய் போட்டுப் பிசைந்த பருப்புச் சோறு இரண்டு கரண்டி, பாலில் ஊறிய பிஸ்கட் நாலு, பாதி வாழைப்பழம், டம்ளர் அடியில் நின்ற சத்துமாவுப் பால். அது ஒரு ஆள் சாப்பாடு. மூன்று நான்கு வருஷமாக நின்றுகொண்டே, பாத்திரம் கழுவப் போகிற வழியில், பசியில்லாமல் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். சோற்றைக் குப்பையில் போடக் கூடாது என்று வளர்ந்தவள். குப்பைக்குப் பதில் என் வயிறு இருந்தது.

அதற்கு மருந்து எளிது, கஷ்டமும் அதுதான். பிள்ளைக்கு முதலில் பாதி இட்லி. கேட்டால் இன்னொரு பாதி. தட்டில் குறைய வைத்துக் கேட்கவிடுவது. அத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. "பச்சப்பிள்ளைக்கு அளந்து வைக்கிறவள இப்பத்தேன் பாக்குறேன்" என்றார். மிச்சம் விழுந்தால் தெருமுனை மாட்டுக்குப் போனது. பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் புண்ணியம் என்கிறோமே, இட்லி கொடுத்தால் மட்டும் பாவமா?

இதைவிடப் பெரியது நான் சாப்பிடுகிற நேரம். எல்லாருக்கும் பரிமாறி, அடுப்பைத் துடைத்து, இரண்டு மூன்று ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்து, மூன்று மணிக்கு உட்காருவேன். அந்த நேரத்தில் பொரியல் தீர்ந்திருக்கும். சோறும் குழம்பும்தான் இருக்கும். பசியோ கொலைப்பசி. கடைசியாகச் சாப்பிடுகிறவள் தட்டில் காய் இருக்காது என்பது எங்கள் வீட்டு விதி மட்டும் இல்லை, தெப்பக்குளத்தில் கூட நடக்கிற எல்லாப் பெண்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு மணிக்கு எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன். முதலில் என் தட்டில் பாதிக்குக் காய் போட்டுவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்கு. வாழைத்தண்டு, அவரை, புடலை, கீரை, எது மலிவோ அது. சோறு மூன்று கரண்டியிலிருந்து ஒன்றரை. கூடவே முட்டை, இல்லை சுண்டல், இல்லை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கம்பு, கேழ்வரகு என்று மாறச் சொன்னார்கள். மாறிப் பார்த்தேன். கம்பங்கூழ் ருசியில் அரிசிச் சோற்றைவிட அதிகம் உள்ளே போனது. தானியத்தின் பெயரை மாற்றுவதைவிட அளவைப் பார்ப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது.

எண்ணெய்க் கணக்கும் போட்டேன். மாதம் 5 லிட்டர், பெரியவர்கள் நாலு பேர். தலைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. 5 லிட்டர் டின்னை நிறுத்தி, ஒரு லிட்டர் பாக்கெட்டாக வாரம் ஒன்று என்று வாங்கினேன். வியாழக்கிழமையே தீர்ந்தால் வெள்ளிக்கிழமை அவியல் வகைதான். அவ்வளவே.

இதை எழுதும்போது ஒரு விஷயத்தை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். வேகமாக நடந்தால் எனக்குச் சிறுநீர் சொட்டும். தும்மினால், சிரித்தால், கனமான குடம் தூக்கினால். அதனால்தான் பல நாள் மெதுவாக நடந்தேன், பல நாள் போகவே இல்லை. ஒரு நாள் கீழக்கரைப் படியில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொல்லிவிட்டேன். ஐந்து பேர் இருந்தோம். மூன்று பேர், "எனக்கும்தான்க்கா" என்றார்கள். ஒருத்தி நடையை நிறுத்த நினைத்ததே இதனால்தானாம், வீட்டில் மூட்டுவலி என்று சொல்லியிருந்தாள். பிசியோதெரபி பெண்ணிடம் போனோம். சிறுநீரைப் பாதியில் அடக்குகிற தசை எதுவோ அதை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும், பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் எனக்குச் சரியானது.

அதே பெண் என்னைப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்தாள். இரண்டரை விரல் உள்ளே போனது. பிள்ளை வயிறு தள்ளும்போது நடுவில் விலகிய தசைகள் திரும்பச் சேரவில்லையாம். எடை குறைந்தும் வயிறு மட்டும் முன்னால் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். படுத்து எழுகிற பயிற்சியை இப்போதைக்குச் செய்யாதீர்கள், முதலில் மூச்சை விட்டு வயிற்றை உள்ளே இழுத்துப் பழகுங்கள் என்றாள். விரலால் அளக்கிற அளவு ஒன்று இருக்கிறது என்பது என் நோட்டுக்குப் புதிது.

இடுப்பு அளவும் அப்படித்தான். ஜாக்கெட்டுக்கு நாங்கள் இடுப்பு என்று எழுதுவது மார்புக்குக் கீழே, ஜாக்கெட் முடிகிற இடம். டாக்டர் கேட்கிற இடுப்பு கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே. பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் இஞ்ச் டேப்பில் முப்பத்தொன்றரை. எனக்கு 40 இருந்தது. இத்தனை வருஷம் இத்தனை பேரை அளந்தவள், அளக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அளந்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்ய, காலை ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை நான் வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டும். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. பால் பாக்கெட்டை யார் எடுப்பது, யார் காய்ச்சுவது, பையன் முழித்தால் யார் தூக்குவது, பெரியவளுக்கு ரெட்டைச் சடை யார் போடுவது? முதல் இரண்டு மாதம் எல்லாவற்றையும் முன்னிரவே முடித்துவிட்டுப் படுப்பேன். பதினொன்றரை ஆகிவிடும். தூக்கம் குறைந்தால் மறுநாள் முழுக்க எதையாவது மெல்லத் தோன்றும். ஒரு நாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "நான் நடக்குறது என் வேலை. நான் நடக்குற நேரத்துல வீடு நடக்குறது உங்க வேலை." சண்டை வந்தது, போனது. அவர் சடை போடக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் ஒன்று காதுக்கு மேலும் ஒன்று தோளுக்குக் கீழுமாக என் மகள் பள்ளிக்கூடம் போனாள். இப்போது என்னைவிட இறுக்கமாகப் போடுகிறார், அவளே அப்பாவிடம்தான் போய் நிற்கிறாள். பால் காய்ச்சுவதை அத்தை எடுத்துக்கொண்டார். "ஷூ போட்ட மருமகளுக்குக் காப்பி" என்று ஊருக்கே கேட்கச் சொல்லித்தான் டம்ளரை நீட்டுவார். சர்க்கரை அரைக் கரண்டி. அதையும் அவரே குறைத்தார்.

20 மாதத்தில் 76, 64 ஆனது. பிறகு நின்றுவிட்டது. என் உயரத்துக்கு 56-க்குள் இருக்க வேண்டும் என்கிறது கணக்கு, நம் நாட்டு உடம்புக்கென்று இறுக்கி வைத்த வரம்பு அது. 64-லேயே நிற்கிறேன். சராசரிச் சர்க்கரை 5.5. இடுப்பு 35. கல்யாண ஜாக்கெட் இன்றைக்கும் கையில் ஏறாது, ஏற வேண்டும் என்று நான் நடக்கவும் இல்லை. கடைசியாகப் பிரித்த அந்த ஜாக்கெட்டில் மட்டும் இரண்டு தையல் பிடித்திருக்கிறேன். பழைய தையல் ஓடிய ஓட்டை வரிசை துணியில் அப்படியே தெரிந்தது, அதன் மேலேயே ஓட்டினேன்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஜாக்கெட் பிரிக்க வந்தாள். கைப்பிள்ளைக்காரி, நாலு மாதம். பிரித்துக் கொடுத்தேன். காசு கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அக்கா, நீங்க காலைல போறீங்கள்ல, நானும் வரட்டா? பால் குறைஞ்சிராதே?" குறையாது, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மெதுவாக நட, எடையைப் பார்க்காதே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன். உனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். ஆறாவது வாரச் சோதனைக்குப் போனாயா? போகவில்லையாம். சீட்டு எங்கே? பீரோவில் இருக்கிறதாம்.

திங்கள்கிழமை அவளோடு போய்ச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று ஐந்தரைக்கு நைட்டியின் மேல் துப்பட்டாவும் ரப்பர் செருப்புமாக வந்து நின்றாள். மேலக்கரையில் தொடங்கி வடக்குக் கரை பாதி வரைக்கும் போனோம். அங்கே போன் அடித்தது, பிள்ளை முழித்துவிட்டான். ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். நாளைக்குக் கீழக்கரை திருப்பம் வரை. அதற்குள் அவளுக்கு ஒரு ஷூ பார்க்க வேண்டும்.